பழைய போஸ்டரைச் சீரமைக்கலாமா, கை வைக்காமல் விடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் ஒரு பழைய அமெரிக்க சினிமா போஸ்டர் இருக்கிறது. எட்டு மடிப்பாக மடித்து வைத்தது, மடிப்புகள் சந்திக்கிற இடங்களில் கிழிய ஆரம்பித்திருக்கிறது, பின்பக்கம் யாரோ செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள், கீழ் ஓரத்தில் தண்ணீர்க் கறை, ஒரு மூலையில் காகிதமே இல்லை, நிறமும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. ஒரு நண்பர் "துணியில் ஒட்டி, போன இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். இன்னொரு நண்பர் "கை வைத்தால் அதன் பழமையும் போச்சு, மதிப்பும் போச்சு" என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சேதம் என்று ஒரே பெயரில் சொல்கிற இடத்தில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. சில சேதம் நடந்து முடிந்துவிட்டது: மடிப்புக் கோடு, பின் குத்திய ஓட்டை, காய்ந்துபோன பழைய கறை, காணாமல் போன மூலை. இவையெல்லாம் இன்னும் ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் இன்று இருக்கிற மாதிரியே இருக்கும். வேறு சில சேதம் இந்த நிமிடமும் நடந்துகொண்டே இருக்கிறது: டேப்பின் பசை காகிதத்துக்குள் இறங்குவது, காகிதத்தில் உள்ள அமிலம் அதையே தின்பது, ஈரம் பட்டால் பூஞ்சை பரவுவது, ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் கிழிசல் இன்னும் கொஞ்சம் நீள்வது. நடந்துகொண்டிருப்பதை நிறுத்தியே ஆக வேண்டும், அதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. நடந்து முடிந்ததைத் தொடாமல் விடுவதுதான் முறை, தொட வேண்டும் என்றால் அதற்கான காரணத்தைத் தொடுகிறவர்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் சண்டை முடிவதே இல்லை.

முதலில் காகிதம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதத்தைப் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்துதான் செய்தார்கள். அதனால்தான் நானூறு வருடப் புத்தகம் ஒன்றின் தாள் இன்றும் வெளுப்பாக, வளைத்தால் வளைகிறதாக இருக்கிறது. அப்புறம் மரக்கூழ் வந்தது. மரக்கூழில் லிக்னின் என்று மர இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஒரு பொருள் இருக்கிறது, அது வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். மை பரவாமல் இருக்கப் படிகாரமும் ரோசின் என்கிற மரப் பிசினும் சேர்த்தார்கள், அந்தப் படிகாரம் நாளடைவில் அமிலத்தை உண்டாக்கி, காகிதமே ஆன செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. போஸ்டர் என்றாலே சில வாரம் ஒட்டிவிட்டுத் தூக்கிப் போடுவதற்காக அச்சிட்டதுதான், அதற்கு யாரும் நல்ல காகிதம் வாங்கவில்லை. அதனால் 1930-களின் போஸ்டர் ஒன்று, 1630-களின் செப்புத்தகட்டு அச்சுப் படத்தைவிட மோசமான நிலையில் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "அப்படியே விடு" என்கிற நண்பர் கவனிக்காத இடம் இதுதான். அப்படியே விட்டால் அது அப்படியே இருக்காது.

டேப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் போஸ்டரில் உண்மையிலேயே அவசரமான விஷயம் அது ஒன்றுதான். செல்லோஃபேன் டேப் சந்தைக்கு வந்தது 1930-இல். அப்போதிலிருந்து கிழிந்த காகிதம் எதைக் கண்டாலும் மக்கள் அதை ஒட்டியிருக்கிறார்கள். முதல் சில வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ரப்பர் பசை இளகி, எண்ணெய் மாதிரி காகித இழைகளுக்குள் இறங்கும், அந்த இடம் முன்பக்கத்தில் இருந்து பார்த்தாலே ஒளி ஊடுருவுகிற மாதிரி தெரியும். அதற்கும் பிறகு பசை காய்ந்து இறுகி, மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே இருந்த பிளாஸ்டிக் பட்டை தானாகவே கழன்று விழுந்துவிடும். பட்டை விழுந்ததும் "அப்பாடா, போய்விட்டது" என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் மோசமான கட்டம். இளகிய கட்டத்தில் இருக்கும் பசையைப் பொறுமையாக எடுத்துவிடலாம்: வெதுவெதுப்பான காற்று காட்டி, மெல்லிய ஸ்பாட்டுலாவைக் கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில் வைத்து, பட்டையைத் தாளோடு சேர்ந்து இழுக்காமல் பின்னோக்கி மடித்து மடித்துக் கழற்ற வேண்டும், மிச்சமிருக்கும் பசையைக் கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். இறுகிய கட்டத்தில் கரைப்பான் வேண்டும், கீழே இருந்து காற்றை உறிஞ்சுகிற மேசை வேண்டும், அப்படியும் அந்தப் பழுப்புக் கறை முழுசாகப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அதனால் டேப் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் இதுதான் சரியான நேரம். தயவுசெய்து நீங்களே உரிக்க வேண்டாம், அச்சு மையும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்தது, துணியில் ஒட்டுவது. லினன் பேக்கிங் என்று சொல்கிறார்களே, அது. மரச்சட்டத்தில் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தை ஒட்டி, அதன் மேல் போஸ்டரை நனைத்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டி இறுக்கமாகக் காயவிடுவார்கள். காய்ந்ததும் மடிப்பு, சுருக்கம் எல்லாம் படிந்து தட்டையாகிவிடும், கிழிசல்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும், பெரிய போஸ்டரைத் தூக்கி மாட்டக்கூடிய அளவுக்கு வலு கிடைக்கும். ஸ்டார்ச் பசை தண்ணீரில் கரையும் என்பதால் நாளைக்கு வேண்டாம் என்றால் பிரிக்கலாம் என்பார்கள். கொள்கையளவில் உண்மை. ஆனால் பிரிப்பதற்கு மறுபடியும் முழு போஸ்டரையும் நனைக்க வேண்டும், பலவீனமான காகிதம் ஒவ்வொரு முறை நனையும்போதும் எதையாவது இழக்கிறது. அதனால் "திரும்ப எடுத்துவிடலாம்" என்ற வார்த்தையை நம்பி அவசரப்பட்டு ஒட்ட வேண்டியதில்லை.

நனைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கண்ணில் படாத இடத்தில் ஒரு சிறு துளி தண்ணீர் வைத்து, அரை நிமிடம் கழித்து வெள்ளை உறிஞ்சு தாளை அழுத்தி எடுத்துப் பார்ப்பார்கள். சிவப்பு பல போஸ்டர்களில் கசியும். கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் மை இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டால் எரிச்சல்படுகிறவரிடம் போஸ்டரைக் கொடுக்காதீர்கள்.

சூட்டில் உருகும் பசைத்தாளை வைத்து அட்டையில் அழுத்தி ஒட்டுகிற வேலை, டிரை மவுன்டிங், படச்சட்டம் போடுகிற இடங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, பல நேரம் நடக்கவே நடக்காது.

துணியில் ஒட்டுவதில் யாரும் அதிகம் பேசாத இழப்பு ஒன்று இருக்கிறது, பின்பக்கம் மறைந்துவிடும். பழைய அமெரிக்க சினிமா போஸ்டர்களில் வழக்கமான அளவு 27×41 அங்குலம். 1940-இலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அவற்றைத் தியேட்டர்களுக்கு அனுப்பியது நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம். 1980-களின் தொடக்கம் வரை அவை மடித்துத்தான் அனுப்பப்பட்டன. அதாவது உங்கள் போஸ்டரில் இருக்கும் மடிப்பு யாரோ அலட்சியமாக மடித்ததால் வந்தது அல்ல, அச்சகத்தில் இருந்து வெளியே வந்ததிலிருந்தே அது அப்படித்தான். தியேட்டரில் காட்டிவிட்டுத் திரும்ப அனுப்பினால் அடுத்த தியேட்டருக்குப் போகும், அந்தப் பயணத்தின் முத்திரைகள், படத்தின் பெயர், எண்கள் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பிரான்ஸின் பழைய சுவரொட்டிகளில் வரி கட்டியதற்கான சிறு ஸ்டாம்ப் முன்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். அதை அழுக்கு என்று நினைத்துச் சுத்தம் செய்தால், இந்தத் தாள் தெருவுக்குப் போன தாள்தான் என்பதற்கான சாட்சியைக் கழுவிவிட்டோம் என்று அர்த்தம். போலி போஸ்டரைக் கண்டுபிடிக்கவும் பின்பக்கக் காகிதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். துணியில் ஒட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கத்தை முதலில் நல்ல வெளிச்சத்தில், ஓரத்தில் இருந்து சாய்வாக விழும் வெளிச்சத்திலும், முழுசாகப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. உண்மையான சண்டை, காணாமல் போன இடத்தை என்ன செய்வது என்பதில்தான்.

இந்தச் சண்டை போஸ்டர்களைவிட ரொம்பப் பழையது. 1849-இல் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், பழைய கட்டடத்தைச் சீரமைப்பது என்பது அதை முழுமையாக அழிப்பதுதான் என்கிற அளவுக்கு எழுதினார். அதே நூற்றாண்டில் பிரான்ஸில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் அதற்கு நேர் எதிர்: ஒரு கட்டடத்தை அது எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமை நிலைக்குக் கொண்டு போவதுகூடச் சீரமைப்புதான் என்றார். உங்கள் இரண்டு நண்பர்களும் தெரியாமலேயே இந்த இரண்டு பேரின் வாதத்தைத்தான் தொடர்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியில் செசாரே பிராண்டி இதற்கு ஒரு நடைமுறை வழி சொன்னார். 1939-இல் ரோமில் தொடங்கிய மத்திய சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர். போன இடத்தை நிரப்பலாம், ஆனால் அந்த நிரப்பு தூரத்தில் இருந்து பார்த்தால் உறுத்தக் கூடாது, பக்கத்தில் வந்து பார்த்தால் இது பிற்காலத்து வேலை என்று தெரிய வேண்டும் என்றார். அதற்காக அங்கே உருவான முறையில், போன இடத்தை ஒரே பூச்சாகப் பூசாமல் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக வெவ்வேறு நிறங்களில் போடுவார்கள். பத்தடி தள்ளி நின்றால் கண் அதைச் சேர்த்துக்கொள்ளும், கிட்டே போனால் கோடு கோடாகத் தெரியும். எனக்கு இதைவிட நேர்மையான தீர்வு தெரியவில்லை. கலைஞன் செய்தது எது, நாம் சேர்த்தது எது என்பதை யாரும் கேட்காமலேயே அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

போஸ்டர் உலகில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கிழிசல் ஒரு சென்டிமீட்டர் அகலம் என்றால் அந்த ஒரு சென்டிமீட்டரை மட்டும் நிரப்புவது ஒரு வேலை. அந்த நிறம் சுற்றியிருப்பதோடு சரியாகப் பொருந்தவில்லை என்று, சுற்றிலும் நன்றாக இருக்கும் மூல அச்சின் மேலேயே தெளிப்பானால் நிறம் அடிப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவது நிரப்புதல், இரண்டாவது மூடுதல். ஒருமுறை ஒரு போஸ்டரைப் பார்க்கக் கொடுத்தார்கள், சாதாரண விளக்கில் பின்னணிக் கறுப்பு அவ்வளவு ஆழமாக, குறையே இல்லாமல் இருந்தது. அறையை இருட்டாக்கி புற ஊதா விளக்கைக் காட்டியபோது அந்தக் கறுப்பு இரண்டாகப் பிரிந்தது: தலைப்பு எழுத்துகளைச் சுற்றி விரல் அகலத்துக்கு மட்டும் ஒருவிதமான மங்கல் கறுப்பு, மற்ற இடமெல்லாம் வேறு பளபளப்பு. எழுத்துகளைத் தொட்டுவிடக் கூடாது என்று ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், மீதிப் பின்னணி முழுவதும் புதுப் பூச்சு. உருப்பெருக்கியில் பார்த்தால் மூல அச்சின் புள்ளிகள் அந்தப் பூச்சுக்கு அடியில் நன்றாகவே இருந்தன. இரண்டு மடிப்புக் கோடுகளை மறைப்பதற்காக ஒரு மூல அச்சின் பாதிப் பரப்பை மூடியிருந்தார்கள். அதை வைத்திருந்தவர் தான் பார்ப்பது அச்சு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சீரமைப்பு என்றாலே எல்லாரும் 2012-இல் ஸ்பெயினின் போர்ஹா ஊர்த் தேவாலயத்தில் இயேசுவின் சுவரோவியத்தைப் பயிற்சி இல்லாத ஒருவர் சீரமைக்கப் போய் முகத்தையே உருக்குலைத்ததைத்தான் காட்டுகிறார்கள், உலகமே சிரித்தது. எனக்கு அந்த உதாரணத்தில் பெரிய அக்கறை இல்லை. அங்கே என்ன நடந்தது என்பது பார்க்கிற யாருக்கும் தெரிகிறது, யாரும் ஏமாறவில்லை. ஆபத்து திறமையான கையில்தான் இருக்கிறது. லியொனார்டோ வரைந்தது என்று 2017-இல் 45 கோடி டாலருக்கு ஏலம் போன 'சால்வதோர் முண்டி' என்ற இயேசு ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டெடுத்தபோது பல இடங்களில் சேதமாகி, மேல்பூச்சு பூசப்பட்டிருந்த பலகை அது. மிகத் தேர்ந்த ஒருவர் வருடக்கணக்கில் சீரமைத்தார். இன்றைக்கு நாம் பார்க்கும் முகத்தில் பழைய கை எவ்வளவு, சீரமைத்த கை எவ்வளவு என்பதுதான் அறிஞர்களுக்கு இடையே ஓயாத வாதம். வேலை அவ்வளவு நன்றாக இருப்பதால்தான் அந்தக் கேள்வி இவ்வளவு கடினமாக இருக்கிறது.

சுத்தம் செய்வது மட்டும் பாதுகாப்பானது, நாம் எதையும் சேர்க்கவில்லையே என்று ஒரு வாதம் வரும். சேர்த்ததையாவது பல நேரம் பின்னால் எடுக்க வழி உண்டு. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியே கிடையாது. வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்தில் கூரை, சுவர் ஓவியங்களுக்கு 1980 முதல் 1994 வரை நடந்த சுத்தப்படுத்தலில் மெழுகுவத்திப் புகையும் பழைய கோந்தும் போய், மைக்கலாஞ்சலோவின் நிறங்கள் யாரும் எதிர்பார்க்காத பிரகாசத்தோடு வெளியே வந்தன. அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் பெக் போன்றவர்கள், பூசிய சுண்ணம் காய்ந்த பிறகு மைக்கலாஞ்சலோ மேலே போட்ட நிழல் பூச்சுகளும் அழுக்கோடு சேர்ந்து போய்விட்டன என்று கடைசி வரை குற்றம் சாட்டினார்கள். நான் சுத்தம் செய்தவர்கள் பக்கம்தான், அந்தக் கூரையின் பெரும்பகுதி ஈரச் சுண்ணத்தில் வரைந்தது, அது உறுதியானது. ஆனால் பெக் சொன்னது சரியாக இருந்தால் அதை இனி யாராலும் நிரூபிக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது என்பதை மறுக்க முடியவில்லை.

அதற்காகப் பழைய அழுக்கைப் பழமை என்று கும்பிட வேண்டியதும் இல்லை. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1642-இல் வரைந்த படத்துக்கு 'இரவுக் காவல்' என்ற பெயர் வந்ததே பிற்காலத்தில், வார்னிஷும் அழுக்கும் படிந்து அது இரவு மாதிரி தெரிந்ததால்தான். 1940-களில் அந்த வார்னிஷை எடுத்தபோது உள்ளே பகல் வெளிச்சம் இருந்தது. அஜந்தாவிலும் இப்படித்தான், 1920-களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு அழைத்து வந்த இத்தாலிய நிபுணர்கள் ஓவியங்களைக் காப்பாற்றுவதற்காக ஷெல்லாக் என்கிற அரக்கு வார்னிஷ் பூசினார்கள், அன்றைக்கு அது நல்ல முறை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அந்தப் பூச்சு மஞ்சளித்துக் கறுத்து, பிற்காலத்தில் அதை எடுப்பதே தனி வேலையாகிவிட்டது. ஓவியம் வயதானதால் வந்த நிறம் என்று பலர் நினைத்தது உண்மையில் வார்னிஷுக்கு வயதானதால் வந்த நிறம்.

எந்த அடுக்கை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு ரசனையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சான்றுகள் பேசும். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருக்கும் டச்சு ஓவியர் வெர்மீரின் படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் கடிதம் படிக்கிறாள், பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவருக்கு அடியில் மன்மதன் படம் ஒன்று இருப்பது எக்ஸ்-ரே மூலம் பல பத்தாண்டுகளாகத் தெரியும், வெர்மீரே மனம் மாறி மறைத்துவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். 2017-இல் தொடங்கிய ஆய்வில், மன்மதனுக்கும் மேலே பூசிய சுவருக்கும் நடுவில் பழைய வார்னிஷும் அழுக்குப் படலமும் இருப்பது தெரிந்தது. அழுக்குப் படிய வருடக்கணக்கு வேண்டும். அப்படியானால் பூசியது வெர்மீர் இல்லை, அவருக்குப் பின்னால் வந்த வேறு யாரோ. அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கிக்குக் கீழே சிறு கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார்கள், 2021-இல் மன்மதனோடு காட்சிக்கு வந்தது. மேல்பூச்சை எடுக்கலாம் என்று முடிவு செய்ய வைத்தது அந்த மெல்லிய அழுக்கு அடுக்கு. அதே அழுக்கை அவசரத்தில் முன்பே கழுவியிருந்தால் சாட்சியே இருந்திருக்காது.

போஸ்டருக்கு இதெல்லாம் எந்த அளவுக்குப் பொருந்தும்? ஓவியம் ஒன்றுதான் இருக்கும், போஸ்டர் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அச்சானது. இது சிலருக்குத் தாராளம் கொடுக்கிறது: வேறு பிரதிகள் இருக்கின்றனவே, இதை என்ன செய்தால் என்ன. எனக்கு இதே காரணம் எதிர்ப்பக்கம்தான் இழுக்கிறது. அந்தப் படம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நல்ல நிலையில் வேறு பிரதி இருக்கிறது என்றால், இந்தப் பிரதியில் பெயின்ட் அடித்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பிரதியைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தாள் மட்டுமே சொல்லக்கூடியது அது எங்கே ஒட்டப்பட்டது, எப்படி மடிக்கப்பட்டது, யார் முத்திரை குத்தினார்கள் என்பது.

1949-இலிருந்து பாரிஸில் ஜாக் வில்க்ளே, ரேமோன் ஐன்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் தெருச் சுவர்களில் கிழிந்து தொங்கிய போஸ்டர்களை அப்படியே உரித்துக்கொண்டு வந்து கேன்வாஸில் ஒட்டிக் கண்காட்சி வைத்தார்கள். மழையும், வழிப்போக்கர்களின் கையும், மேலே மேலே ஒட்டிய அடுத்த போஸ்டர்களும் சேர்ந்து செய்த கிழிசல்தான் அங்கே ஓவியம். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்கிறவர் கிழிந்து தொங்கும் ஒரு துண்டு மேலும் கிழியாமல் அடியில் தாங்கு கொடுக்க வேண்டும், ஆனால் அதைப் படிய வைத்து ஒட்டிவிடக் கூடாது. போஸ்டர் சீரமைக்கிற எல்லாரும் அதைச் சற்று நேரம் நின்று பார்த்தால் கை தானாக மெதுவாகும் என்று நினைக்கிறேன்.

மதிப்பு போய்விடும் என்ற பயத்துக்கு வருவோம். சேகரிப்பவர்கள் சீரமைத்த போஸ்டரை ஒதுக்குவதில்லை, துணியில் ஒட்டியது ஏலங்களில் சர்வசாதாரணம். போஸ்டரில் உள்ள படத்தின் மேல் பெயின்ட் எவ்வளவு, அது எங்கே, முகத்திலா ஓரத்திலா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஓரத்து வெள்ளையில் ஒரு துண்டு சேர்த்தது பெரிய குறை இல்லை, நடிகையின் கண்ணை யாரோ திரும்ப வரைந்திருந்தால் அது பெரிய குறை. எல்லாவற்றுக்கும் மேலே, சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. சீரமைப்புக்கு முந்தைய படங்கள் ஒரு போஸ்டரோடு கூடவே போனால் வாங்குகிறவர் தானே முடிவு செய்துகொள்வார். முந்தைய படங்கள் இல்லாத, பார்க்கப் புத்தம் புதுசாக இருக்கும் பழைய போஸ்டர் என்றால் நான் புற ஊதா விளக்கு இல்லாமல் பக்கத்தில் போக மாட்டேன்.

இனி உங்கள் போஸ்டருக்கு என்ன செய்வது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். விரிப்பதையும் மடிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள், அமிலமில்லாத இரண்டு பெரிய தாள்களுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். காகிதச் சீரமைப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுத்து டேப்பை எடுக்கச் சொல்லுங்கள். கிழிசல்களைப் பின்பக்கத்தில் இருந்து ஜப்பானியக் காகிதமும் ஸ்டார்ச் பசையும் வைத்து ஒட்டச் சொல்லுங்கள், மடிப்புச் சந்திப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும், முழுசாகத் துணியில் ஒட்ட வேண்டிய நிலை இல்லை என்று உங்கள் விவரிப்பை வைத்துத் தோன்றுகிறது. காகிதம் ஏற்கெனவே மடக்கினால் ஒடிகிற நிலைக்கு வந்துவிட்டது என்றால் மட்டும் துணியில் ஒட்டுவதைப் பற்றிப் பேசுங்கள். மைகள் தாங்கும் என்று சோதனையில் தெரிந்தால் தண்ணீரில் கழுவி, அமிலத்தை முறிக்கிற கால்சியம் கரைசலில் ஒருமுறை முக்கி எடுப்பது நல்லது, தண்ணீர்க் கறையும் அதிலேயே கணிசமாகக் குறையும். மிச்சக் கறையைப் போக்க குளோரின் ப்ளீச் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெளுக்கும்போதே இழையையும் அது பலவீனமாக்கும்.

மூலைக்கு ஒத்த தடிமனில் பழைய காகிதம் ஒன்றை வைத்துப் பொருத்தி, சுற்றியுள்ள வெறும் காகிதத்தின் பழுப்பு நிறத்தை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த மூலையில் படத்தின் பகுதி இருந்தது என்றாலும் அதை வரைய வேண்டாம் என்பது என் விருப்பம். வரைந்தே ஆக வேண்டும் என்றால் புதிதாகச் சேர்த்த காகிதத்தின் மேல் மட்டும், வாட்டர்கலரில் அல்லது கலர் பென்சிலில், மூல அச்சின் மேல் ஒரு துளிகூடப் படாமல். மடிப்புக் கோடுகளைத் தொடவே வேண்டாம். வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்த படங்களையும், என்ன பசை, என்ன கரைசல் என்ற விவரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிறிய நிறத்தைத் திரும்பக் கொண்டு வர முடியுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். தாளில் முடியாது. வெளிச்சத்தால் போன நிறம் போனதுதான், மேலே நிறம் பூசுவது அதைத் திரும்பக் கொண்டு வருவது ஆகாது. ஆனால் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் 1964-இலிருந்து ஒரு சாப்பாட்டு அறையில், ஜன்னல் வெயிலில் தொங்கின, அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி வெளிச்சம் தாங்காதது, பதினைந்து வருடத்தில் பரிதாபமாக வெளிறிப்போய் 1979-இல் கிடங்குக்குப் போய்விட்டன. 2014-இல் அவற்றைத் திரும்பக் காட்சிக்கு வைத்தபோது ஓவியத்தில் ஒரு சொட்டு நிறமும் சேர்க்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு நிறம் போயிருக்கிறது என்று கணினியில் கணக்கிட்டு, அந்த நிறத்தை மட்டும் ப்ரொஜெக்டரில் இருந்து ஓவியத்தின் மேல் ஒளியாக விழ வைத்தார்கள். அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை நான்கு மணிக்கு ப்ரொஜெக்டரை அணைத்தார்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள் உண்மையில் இருக்கும் வெளிறிய ஓவியத்தைப் பார்க்க முடிந்தது. 'இரவுக் காவல்' படத்திலும் இதே மாதிரி ஒன்று செய்தார்கள். 1715-இல் சுவரில் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிய அந்தப் படத்தின் போன பகுதிகளை, பழைய நகல் ஓவியத்தை வைத்துக் கணினி மூலம் உருவாக்கி, அச்சிட்டு, 2021-இல் சில காலம் சட்டத்தைச் சுற்றி மாட்டினார்கள். அப்புறம் கழற்றிவிட்டார்கள்.

நீங்களும் இதையே சிறிய அளவில் செய்யலாம். டேப்பும் கிழிசலும் சரியான பிறகு நல்ல தெளிவுத்திறனில் ஸ்கேன் எடுங்கள். கணினியில் மடிப்பை எடுங்கள், மூலையை வரையுங்கள், சிவப்பை ஏற்றுங்கள், உங்கள் நண்பர் ஆசைப்படுகிற எல்லாவற்றையும் அங்கே செய்யுங்கள். அதை அச்சிட்டு வெயில் படுகிற சுவரிலேயே மாட்டிக்கொள்ளலாம், வெளிறினால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம், ஓரத்தில் சிறிய எழுத்தில் இது நகல் என்று மட்டும் போட்டுவிடுங்கள். மூலத்தை அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து, வருடத்தில் சில வாரம் மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால், 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடி நேராகத் தாளைத் தொடாமல் நடுவில் மவுன்ட் அட்டை வைத்துக் காட்சிக்கு எடுங்கள்.